எண்பத்தொரு சதவீதம்

மே 4, திங்கள்

பதினொரு நாளைக்குப் பிறகு இன்று காலை குழாயில் தண்ணீர் வந்தது. குடம் குடமாகப் பிடித்துக்கொண்டிருந்தபோது எம்.டி. போன் செய்தார். பணம் போடப்போகிற மும்பைக்காரர்கள் ஜூலை பதினான்காம் தேதி ஆலையைப் பார்க்க வருகிறார்களாம். "டாக்டரம்மா, இனிமே தூக்கத்துலகூட எண்பத்தொண்ணுன்னுதான் சொல்லணும்" என்றார். நான் தூக்கத்தில் பேசுவதில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. வெங்கடராமானுஜம் என்கிற அந்த மனிதருக்குத் தான் சொல்வது மட்டும்தான் நகைச்சுவை.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்த டாக்டர், தினமும் நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறார். யாரோ படிக்கப்போவதாக நினைத்து எழுதணுமாம். சரி, யாரோ ஒருவரே, கேளுங்கள். எண்பத்தொன்று எங்கள் ஆலையின் குலதெய்வம். கோவில்பட்டிக் கரிசலில் பருத்தி எடுத்து முடிந்ததும் நிற்கிற காய்ந்த செடியை, பருத்திமாரை, பிடுங்கி அடுப்பெரிப்பார்கள். நாங்கள் அதை வாங்கி நறுக்கி, நீராவியில் வேகவைத்து, நொதியைப் போடுகிறோம். நொதி நாரை அறுத்துச் சர்க்கரையாக்கும். சர்க்கரையைப் பாக்டீரியா தின்று லாக்டிக் அமிலம் தரும். அமிலத்திலிருந்து மண்ணில் மக்குகிற பிளாஸ்டிக் செய்யலாம். நாரிலிருந்து கிடைக்கக்கூடிய சர்க்கரையில் எண்பத்தொரு சதவீதத்தை வெளியே கொண்டுவந்தவள் நான். அதற்கு முந்தைய வருடம் அறுபத்தேழுதான் வந்தது. நடுவில் இரண்டு கட்டமாக வேகவைக்கும் முறையைக் கண்டுபிடித்தேன். அந்தப் பதினான்கு புள்ளிக்காகத்தான் என் அறைக் கதவில் தலைமை விஞ்ஞானி என்று பலகை மாட்டினார்கள்.

மே 9

சர்க்கரை இருக்கிறது, அமிலம் குறைகிறது. பெரிய கொப்பரையில் மூன்றாவது தடவை ஓட்டியாயிற்று. எண்பத்தொன்றுக்குத் தக்க அமிலம் வரவேண்டும், அறுபத்துச் சொச்சத்துக்குத்தான் வருகிறது. மீதிச் சர்க்கரை கொப்பரையிலேயே தின்னாமல் கிடக்கிறது.

பாக்டீரியாவுக்குப் பொறுப்பு மரியசெல்வம். முப்பத்து நாலு வயது, மெலிந்த ஆள், எப்போதும் சட்டைப் பையில் வெப்பமானி. பாக்டீரியாவும் அவனுடையதுதான். முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது வீட்டுக் கம்பங்கூழிலிருந்து பிரித்தெடுத்து ஒன்பது வருடமாக வளர்க்கிறான். கூழ் ஏழு என்று பெயர். அதைப் பற்றிப் பேசினால் பள்ளிக்கூடத்தில் பிள்ளை பரிசு வாங்கிய தகப்பன் மாதிரி முகம் ஆகிவிடும்.

"பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லையா செல்வம்?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் வளருது மேடம். என்னன்னு பிடிபட மாட்டேங்கு."

மே 16

புதிதாக வந்திருக்கும் ஷமீமாவுக்குக் கேள்வி கேட்கிற வியாதி. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பதிவேட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"மேடம், பிளாங்க் கட்டத்துல எல்லா நாளும் சைபர்னு போட்டிருக்கு. யாரு டெஸ்ட் பண்ணுதா?"

பிளாங்க் என்பது நார் போடாமல் நொதியை மட்டும் போட்டு வைக்கும் சோதனைக் குழாய். நொதியிலேயே சர்க்கரை ஏதாவது இருந்தால் அதில் தெரிந்துவிடும். தெரிந்தால் மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டும். முதல் வருடம் நாற்பது தடவை செய்தேன். நாற்பது தடவையும் சைபர். அதற்கப்புறம், செய்ய வேண்டாம், சைபர் என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். நாற்பது தடவை பார்த்ததை நாற்பத்தொன்றாவது தடவை பார்ப்பது விஞ்ஞானமில்லை, வேண்டுதல்.

"அப்ப வந்தது திரவம்லா மேடம். இப்ப பவுடரா வருதே."

"கம்பெனி அதேதான். என்சைமும் அதேதான். போய் வேலையைப் பாரு."

போய்விட்டாள். கையெழுத்து அழகாக இருக்கிறது. இன்றைக்கும் சைபர் போட்டிருக்கிறாள்.

மே 17, ஞாயிறு

உளுந்து புடைத்தேன். கடைவாய்ப் பல் வலி.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ஷமீமாவின் கேள்வியைச் சிரித்துக்கொண்டே இவரிடம் சொன்னேன். இவர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். மோரை ஊற்றிக்கொண்டே, "அளக்காம எப்பிடி சைபர்னு எழுதுவ?" என்றார். பத்தாம் வகுப்புப் பையனிடம் கேட்கிற குரல். இவரிடம் ஆலை விஷயம் பேசக்கூடாது.

மே 22

செல்வம் காலையிலேயே என் அறை வாசலில் நின்றான். முந்தின இரண்டு நாளும் வீட்டுக்குப் போகவில்லை போலிருக்கிறது, அதே சட்டை.

"மேடம், இது பசியில்லாத கேசு இல்ல. மிச்சம் எப்பவும் ஒரே அளவுல நிக்கி. லிட்டருக்குப் பத்து கிராம். ரெண்டு நாள் பட்டினி போட்டுப் பாத்தேன். அப்பவும் தொட மாட்டேங்கு. அது என்ன சர்க்கரைன்னு மதுரைக்கு அனுப்பிப் பாத்துருவோமா?"

எங்கள் சோதனையில் திரவம் சிவந்தால் சர்க்கரை இருக்கிறது என்று அர்த்தம். என்ன சர்க்கரை என்று அது சொல்லாது. அதைப் பிரித்துச் சொல்லும் கருவி மதுரையில் ஒரு கல்லூரியில் இருக்கிறது. அனுப்ப என் கையெழுத்து வேண்டும். படிவத்தையும் பூர்த்திசெய்தே கொண்டுவந்திருந்தான். வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

மே 24, ஞாயிறு

லேபுக்குப் போய்வந்தேன். ஏ.சி. ஓடவில்லை. மூன்று குழாய் கழுவிக் கவிழ்த்தேன். வேறொன்றுமில்லை.

மே 25

பல் வலி. ஷமீமாவைத் திட்டினேன். குழாய்த் தாங்கியை யார் இடம் மாற்றியது என்று கேட்டாள், அதற்கு.

ஜூன் 1

பல்லுக்கு வேர்ச்சிகிச்சை. மூன்று தடவை வரச் சொல்கிறார்கள்.

செல்வத்தின் படிவம் மேசையில் இருக்கிறது. பார்க்க வேண்டும்.

ஜூன் 6

படிவத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். மேசை மேல் தாள் குவிந்தால் எனக்குப் பிடிக்காது.

"மேடம், மதுரைக்கு..."

"அனுப்பணும் செல்வம்."

அனுப்பணும் என்றுதான் சொன்னேன். அனுப்பியாச்சு என்று அவன் எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய. மறுபடி கேட்கவில்லை. மனிதர்களை நம்புகிற சுபாவம். ஆய்வுக்கூடத்துக்கு அது ஆகாது.

ஜூன் 12

கூட்டம். எம்.டி. மேசையில் கடலைமிட்டாய்த் தட்டு. யாரும் எடுக்கவில்லை.

"சர்க்கரை இருக்கு. அமிலம் இல்ல. அப்ப நடுவுல யாரு?" என்றார் எம்.டி.

நடுவில் இருப்பது பாக்டீரியா. எல்லோரும் செல்வத்தைப் பார்த்தார்கள்.

"மதுரை ரிசல்ட் வந்துட்டா தெரிஞ்சிரும் சார். மேடம் அனுப்பியிருக்காங்க."

எம்.டி. என் பக்கம் திரும்பினார். "இன்னும் வரல" என்றேன். அது பொய்யில்லை. அனுப்பாதது வராது.

"ஒங்க அபிப்பிராயம் என்ன டாக்டரம்மா?"

"பாக்டீரியாவை மாத்திப் பாக்கலாம்."

"பாக்டீரியாவை மட்டுமா?"

தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தேன். பல்லில் கூசியது. குடித்து முடித்துக் கீழே வைக்கும்போது எம்.டி. தன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

ஜூன் 13

செல்வத்தை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அனுபவச் சான்றிதழ் கேட்டதற்கு, பிறகு பார்க்கலாம் என்றார்களாம். புதிய பாக்டீரியாவை விலைக்கு வாங்கச் சொல்லி எனக்கு உத்தரவு.

நான் உள்ளே போனபோது அவன் சின்னச் சின்னக் குப்பிகளைப் பனிக்கட்டி போட்ட பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். கூழ் ஏழு முழுவதும் முப்பது குப்பிக்குள் அடக்கம். அவனுடையதை அவனையே எடுத்துப் போகச் சொல்லிவிட்டார் எம்.டி., ஓடாத வண்டியை ஓரங்கட்டச் சொல்வது மாதிரி.

"மதுரை ரிசல்ட் வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். என் தப்பு எதுன்னாவது தெரிஞ்சுக்கிடுதேன்."

சரி என்றேன்.

ஷமீமா கேட் வரைக்கும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு கூடப் போனாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். நாலு வரி எழுதினால் அழுத்தம் குறையும் என்று சொன்ன டாக்டர் என்ன எழுதணும் என்று சொல்லவில்லை.

மே 24 அன்று நான் லேபுக்குப் போனது பிளாங்க் பார்க்க. மூன்று குழாய், நொதித் தூள் மட்டும், நார் கிடையாது. மூன்றும் செக்கச் செவேலென்று சிவந்தன. டின்னைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த தாளில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறான்: நிரப்பி, பால் சர்க்கரை. பாதிக்குப் பாதி. திரவமாக வந்ததைத் தூளாக்கியபோது பருமனுக்காகச் சேர்த்திருக்கிறார்கள். அவர்கள் எதையும் மறைக்கவில்லை, அச்சடித்தே ஒட்டியிருக்கிறார்கள். ஒன்றரை வருடமாக நான்தான் படிக்கவில்லை.

எங்கள் சோதனையில் பால் சர்க்கரையும் சிவக்கும். கூழ் ஏழோ பால் சர்க்கரையைத் தொடாத இனம். அதுதான் லிட்டருக்குப் பத்து கிராம். அதுதான் என் பதினான்கு புள்ளி. இரண்டு கட்ட நீராவி எதையும் சாதிக்கவில்லை. தூளும் நீராவியும் ஒரே மாதத்தில் வந்தன. எண் ஏறியதும் பெருமையை நீராவிக்குக் கொடுத்தேன், ஏனென்றால் அது என்னுடையது. கதவில் பலகை மாட்டிய நாளில் இனிப்பு வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

இன்னொரு கணக்கையும் அன்றைக்கே போட்டுப் பார்த்தேன். பால் சர்க்கரையைக் கழித்துவிட்டால் உண்மையாகக் கிடைத்த சர்க்கரை அறுபத்தேழு. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கைக் கூழ் ஏழு அமிலமாக்கியிருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு நல்ல எண்ணை நான் பார்த்ததில்லை. ஆலையில் ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான்.

இதெல்லாம் கூட்டத்துக்கு முன்னால் மூன்று வாரமாக எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். பயமாக இருந்தது. நாற்பத்து மூன்று வயதில், பிளாங்க் வைக்கத் தெரியாதவள் என்று பெயர் வாங்க வெட்கமாக இருந்தது. முதல் வருடக் கல்லூரிப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு. மும்பைக்காரர்கள் எழுந்து போய்விட்டால் ஆலையே மூடிப்போகும், நாற்பது பேர் தெருவில் நிற்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாற்பது பேரை எண்ணியபோது ஒருத்தன் முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை. என் முகம்தான் வந்தது.

ஜூன் 22

திரவ நொதியே மறுபடி வரவழைத்துவிட்டேன். தூள் கட்டிபிடிக்கிறது என்று காரணம் எழுதினேன். இரண்டு நாளுக்குப் பதில் மூன்று நாள் ஊறவைத்தால் எழுபத்து நாலு வருகிறது. அசல் எழுபத்து நாலு. விலைக்கு வாங்கிய பாக்டீரியா அதில் எழுபதுக்குத் தக்க அமிலம் கொடுக்கிறது. எம்.டி.யிடம், புதிய பாக்டீரியாவுக்குத் தோதாகச் சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்திருக்கிறோம் என்று சொன்னேன். நம்பிவிட்டார். அமிலம் ஏறிய சந்தோஷத்தில் எதைச் சொன்னாலும் நம்பியிருப்பார்.

ஷமீமா என்னைக் கேட்காமலேயே தினமும் பிளாங்க் வைக்கிறாள். இன்றைக்குப் பழைய டின்னில் மிச்சமிருந்த தூளுக்கும் வைத்திருக்கிறாள் போல. சிவந்த குழாய்களைக் கழுவாமல் என் கண்ணில் படும்படி தாங்கியில் விட்டிருந்தாள்.

"செல்வம் அண்ணன்கிட்ட சொல்லிருவோமா மேடம்?"

"என்னத்தச் சொல்ல?"

தாங்கியிலிருந்த குழாய்களைப் பார்த்தாள். அவளுடைய பயிற்சிக் காலம் செப்டம்பரில் முடிகிறது; நிரந்தரம் ஆவதற்கு நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அது அவளுக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

"ஒண்ணுமில்ல மேடம்" என்றாள்.

ஜூலை 14

வந்தார்கள், பார்த்தார்கள், கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டார்கள். எம்.டி. ஆளுயர மாலை வரவழைத்திருந்தார்.

அவர்களுடைய தலைவர் கேல்கர் என்ற நரைத்த தலை அம்மாள். கொப்பரை ஏணியில் என்னைவிட வேகமாக ஏறினார். மதியச் சாப்பாட்டின்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, எண்பத்தொன்றை நாங்கள் நம்பவே இல்லை என்று ஆங்கிலத்தில் சாவகாசமாகச் சொன்னார். தூள் நொதிக்கு மாறுகிற எல்லா இடத்திலும் முதல் வருடம் இப்படி ஒரு எண் வருமாம். அவரும் இளமையில் ஒரு தடவை மாட்டிக்கொண்டிருக்கிறாராம். "நீங்களே கண்டுபிடித்துத் திருத்திவிடுவீர்கள் என்று தெரியும். எங்களுக்கு அமிலக் கணக்கில் அறுபத்தைந்து போதும்" என்று சிரித்தார். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்.

அறுபத்தைந்து. செல்வம் கொடுத்துக்கொண்டிருந்ததே அதுதான்.

சாப்பாடு இறங்கவில்லை. பல் என்று சொல்லிக்கொண்டேன். பல் போன வாரமே சரியாகிவிட்டது.

ஜூலை 20

சாயங்காலம் செல்வம் போன் செய்தான். கடலைமிட்டாய்க் கம்பெனி ஒன்றில் பாக்கெட் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற வேலையாம். அதைச் சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

"கோயமுத்தூர்ல ஒருத்தர் கூழ் ஏழைக் கேக்காரு மேடம். என்னையும் சேத்து எடுத்துக்கிடுதேன்னு சொல்லுதாரு. மதுரை ரிசல்ட்டுக்காகத்தான் பதில் சொல்லாம வச்சிருக்கேன். அந்த மிச்சம் வேற ஏதாவது சர்க்கரையா இருந்தா என் பிள்ளைக மேல தப்பில்ல. தைரியமாக் கொடுத்துருவேன். என்ன வந்துச்சு?"

இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்திருக்காது. யாரும் பக்கத்தில் இல்லை. கையெழுத்தெல்லாம் ஆகிவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் பால் சர்க்கரை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் அடுத்ததாக, எப்போ தெரியும் மேடம் என்று கேட்பான். மரியாதையாகத்தான் கேட்பான்.

"விசேஷமா ஒண்ணும் இல்ல செல்வம். எல்லாம் நம்ம சாதாரண சர்க்கரைதான்."

"அப்ப அதுக தின்னாமத்தான் விட்டிருக்கு" என்றான். பிறகு நன்றி சொல்லி வைத்துவிட்டான்.

ஜூலை 21

தண்ணீர் வந்தது. தரைத்தொட்டி நிரம்பியது.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

காலை பத்து மணிக்குச் செல்வம் வீட்டுக்கு வந்தான். வரப்போவதாகச் சொல்லவில்லை. சட்டையில் வேர்க்கடலை வாசனை. இவர் உட்காரச் சொல்லிவிட்டு, நாங்கள் பேசட்டும் என்று உள்ளே போனார். நான் காபி கொண்டுவந்தேன்.

"எழுபது வந்துட்டுன்னு கேள்விப்பட்டேன் மேடம். வாங்குன கல்ச்சர்லயே வந்துட்டு."

"ஆமா."

"என் கையில வரல."

காபி டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"கோயமுத்தூர்க்காரர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"வேண்டாம்னுட்டேன். பத்து கிராமைக் கண்ணு முன்னால வச்சிக்கிட்டுத் தின்னாத ஒண்ணை எப்பிடி இன்னொருத்தர் தலையில கட்டுறது? அவர் ஆலையிலயும் இதே கதை நடக்கும். அங்கயும் யாருக்காவது வேலை போவும்." காபியை ஆற்றிக் குடித்தான். "போன ஞாயித்துக்கிழமை முப்பது குப்பியையும் வீட்டுக் குக்கர்லயே வச்சு அவிச்சுட்டேன் மேடம். முக்கால் மணி நேரம். கூழ் ஏழு இனிமே எங்கயும் கிடையாது."

தட்டை மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஒரு குப்பிகூடவா வைக்கல?"

"வச்சா ஆசை வரும்."

அதைச் சொல்லத்தான் வந்தானா என்று பார்த்தால், இல்லை. எழுந்து நின்றான். எழுதிவைத்துப் படித்துவிட்டு வந்தவன் மாதிரி பேசினான்.

"என் பூச்சியால உங்க எண்பத்தொண்ணுக்குக் கெட்ட பேரு. உங்க வருசக் கணக்கு உழைப்பு. கூட்டத்துல நீங்க என்னை விட்டுக்கொடுக்காம, பாக்டீரியாவை மாத்தலாம்னு மட்டும்தான் சொன்னிய. அது எனக்குத் தெரியும். நேர்ல ஒரு வார்த்தை சொல்லாம இருக்க மனசு கேக்கல. மன்னிச்சிருங்க மேடம்."

வாயைத் திறந்தேன். உள்ளே இவர் செய்தித்தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது.

"பரவாயில்ல செல்வம்" என்றேன். "எல்லாருக்கும் நடக்கிறதுதான். மனசுல வச்சிக்கிடாதீங்க."

அவன் முகம் தெளிந்தது. இந்த மூன்று மாதத்தில் அந்த முகத்தை அப்படிப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான், பிறகு படியிறங்கிப் போனான். நான் அவனை மன்னித்து அனுப்பிவிட்டு, காபி டம்ளரைக் கழுவினேன்.